இரண்டாவது துண்டு

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் நல்ல இடியப்பம் வேண்டுமென்றால் நாகேஸ்வரி அக்காவின் கடைக்குத்தான் போக வேண்டும். இப்போது கடையை அவர் மகள் சிவாஜினி பார்த்துக்கொள்கிறாள். நான் மதுரைக்காரன், சைவம். மீன் வாடை படாமல் எனக்கென்று அக்கா தனிச் சட்டியே வைத்திருந்தார்.

என் வேலையை விசாரணைக் குழுவுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊசியால் எடுத்த ஈரல் துண்டை லேசர் நுண்ணோக்கியில் வைத்தால், சாயம் போடாமலே நார்கள் ஒளிரும். ஈரல் இறுகுவதை வழக்கமான சோதனைக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். அதை நிரூபிக்க, மருந்தே எடுக்காத ஒருவரிடம் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு துண்டுகள் வேண்டும். யாரும் கிடைக்கவில்லை. நோய் தெரிந்ததுமே மருத்துவர்கள் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். நியாயம்தான்.

அக்காவுக்கு ரத்தச் சோதனை சரியில்லாமல் வந்தது. பிரெஞ்சு அவ்வளவாக வராது என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். ஊசிக்குப் பயந்தவரைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். வழக்கமான சோதனையில் ஒன்றுமில்லை. என் திரையில் நார்கள் வலை பின்னியிருந்தன.

“தம்பி, உங்கட மெசின் என்ன சொல்லுது? பயப்பிட ஒண்டும் இல்லைத்தானே?”

“ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துக்கலாம்.”

“ஓம், நீங்கள் சொன்னாச் சரி.”

மாத்திரையில் அடங்கக்கூடிய நோய். மருத்துவரிடம் ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. இந்தச் சோதனை முறை நிலைத்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் உறுத்தியது. நான் கல்நெஞ்சன் இல்லை. உறுத்தியதால்தான் மாலை தவறாமல் கடைக்குப் போனேன். அவர் இளைத்ததை வீட்டாருக்கு முன்பே கவனித்தவன் நான். அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராடிலிருந்து கடைக்கு நடந்தே வருகிறவர், பிறகு மெட்ரோவில் வந்தார்.

இரண்டாவது துண்டின் படம் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. உடனே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கான காலம் தாண்டிவிட்டது என்றார். குளிர்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

சிவாஜினி என்மேல் புகார் கொடுத்தது சரிதான். அவளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒருநாள் அக்கா கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, “தம்பி, என்ர கண் மஞ்சளாக் கிடக்கு, என்ன?” என்றார். கடை விளக்கு அப்படி, அக்கா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் சட்டியை அடுப்பில் வைத்தார். நான் வயிறாரச் சாப்பிட்டேன். இரண்டாவது துண்டு எடுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.