ஏரிக்கரையில் ஊதச் சொன்னவர்

புத்தாண்டு அன்று ராத்திரி, பதினொன்றரை இருக்கும். அணைக்கட்டு ஏரியை ஒட்டிப் போகிற பழைய சாலை. நெடுஞ்சாலை வந்தபிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை... போலீசுக்குப் பயந்தவர்களைத் தவிர.

நம்ம பூண்டுக்கடை ஜோங்ஹா இருக்கிறாரே, அவருடைய மச்சான் தல்சூவுக்கு நடந்தது இது. கருவாட்டு மொத்த வியாபாரி. இலையுதிர்கால விழாவில் குடித்துவிட்டு ஓட்டி ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவன். இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸ் காலி. கருவாட்டைத் தலையில் சுமந்துதான் விற்கவேண்டும்.

முன்னோருக்குப் படைத்த மதுவைக் காலையில் ஆளுக்கு ஒரு வாய் பருகுவது வழக்கம். தல்சூ தன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பொழுது சாய்ந்தும் பருகிக்கொண்டிருந்தான்.

"டேய், படுத்துட்டுக் காலையில போடா" என்றார் அண்ணன்.

"விடிஞ்சா கடை திறக்கணும்ணே."

"அப்ப ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி ஓக்ஹீ.

கூப்பிட்டான். விடுமுறை நாள், கூலி இரட்டிப்பு. "பாதிக்கு வர்றியாப்பா?" என்றான். டிரைவர் போனை வைத்துவிட்டான்.

"படையல்ல வெச்சது குடியில சேராதுடி. எங்கப்பா குடுத்தது. அவரே என்னைப் போலீசுல மாட்டிவிடுவாரா?"

"உங்கப்பாவே குடிச்சுக் குடிச்சுத்தான் படமா மாறினாரு! நான் வரல. காலையில பஸ்ஸைப் பிடிச்சு வர்றேன்."

தனியாகக் கிளம்பினான். காருக்குள் கருவாட்டு வாடை, அவன் ஏப்பம், புளித்த அரிசி மது... பன்றித் தொட்டிகூடத் தேவலை. பாலத்தில் போலீஸ் நிற்பதாகச் சந்தைக்காரர்கள் போனில் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஏரிச் சாலைக்குத் திருப்பினான்.

வளைவில் ஒரு சிவப்புத் தடி விளக்கு. மேலும் கீழும் ஆடியது.

போலீஸ் வண்டி இல்லை. தடுப்பு இல்லை. ஒரே ஒருத்தர். கண்ணாடியை இறக்கினான்... குப்பென்று அடித்தது, காய்ந்த வாந்தி நாற்றம். தொப்பி நிழலில் முகம் தெரியவில்லை. தாடை மட்டும் தெரிந்தது, ஈரமாக.

குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுக் கருவி நீண்டது. அதன் குழாய் மஞ்சளேறி, பிசுபிசுத்து... சுற்றிலும் பல்தடம். யார் யாரோ கடித்தது.

"சார்... புதுக் குழாய் மாட்டுங்களேன்."

"ஊதுங்க."

கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்தான். குழாய் சூடாக இருந்தது.

"இன்னும்... இன்னும்... இன்னும்..."

எல்லாப் போலீசும் சொல்வதுதான். இவர் நிறுத்தவேயில்லை. நெஞ்சு காலியானது. வயிறு ஒட்டியது. வாயை எடுக்கப் பார்த்தான்... வரவில்லை. அவன் ஊதவில்லை. குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

டிக்.

திரையில் பூஜ்யம். தடி விளக்கு, போ என்று அசைந்தது.

"அப்பா காப்பாத்திட்டாரு!" தல்சூவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிச் சாலை நெடுஞ்சாலையில் சேருமிடத்தில் மறுபடி போலீஸ். இது நிஜம்: வண்டி, தடுப்பு, கார் வரிசை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிறுத்தினான்.

"இப்பத்தான் தம்பி ஊதினேன், ஏரிக்கரையில. பூஜ்யம் வந்துச்சு."

"அங்க எங்க ஆளுங்க யாரும் கெடையாதே ஐயா. ஊதுங்க."

ஊதினான். கருவி சும்மா இருந்தது.

"நடிக்காதீங்க ஐயா. நல்லா ஊதுங்க."

"ஊதிட்டுத்தானே இருக்கேன்!"

வேறு கருவி வந்தது. அதுவும் சும்மா இருந்தது. எரிச்சலில் அந்தப் போலீஸ்காரப் பையன் தல்சூவின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினான். "ம்... ஊதுங்க." கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கையில் துளிக் காற்றும் படவில்லை. பையன் கையை வெடுக்கென்று இழுத்து, கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் பொய் சொல்லவில்லை. லைசென்ஸ் போயிற்று.

இப்போது கருவாட்டு லாரியை ஓக்ஹீதான் ஓட்டுகிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான், சாப்பிடுகிறான், விலை பேசுகிறான். அன்றைக்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் அந்த நாற்றம்...

விடியற்காலைக் குளிரில் லாரிக் கண்ணாடி உள்ளே மங்கும் அல்லவா? ஓக்ஹீ தன் பக்கத்தைத் துடைத்துத் துடைத்து ஓட்டுவாள்.

அவன் பக்கம்... துடைக்கத் தேவையே இருக்காதாம்.