செருப்புக் கடைக் கண்ணாடியில் ஒரு பெண்

உச்சி வெயில் நேரம். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் போகும் சாலை... இரண்டு பக்கமும் ஆவாரம் புதர். ஆள் இல்லை, வண்டி இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எனக்கு நடந்ததில்லை. இதோ ஹபீப் இருக்கிறாரே, இவருடைய தாய்மாமன் நிசார் அஹமதின் கடையில் நடந்தது. தப்பாகச் சொன்னால் இவரே திருத்தட்டும்.

நிசாருக்கு வேலூர் கடைத்தெருவில் செருப்புக் கடை. முப்பத்து நாலாம் வருஷம் மதராசிலிருந்து ஆள் உயரக் கண்ணாடிப் பலகை வரவழைத்து, சரக்கு தெருவிலிருந்தே தெரிகிற மாதிரி கடை முகப்பில் பதித்தார். அவருடைய தோஸ்த் ராமமூர்த்தி மதராசில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர். சாமி படம், ராஜா படம் எதுவும் போடமாட்டார். எல்லாம் புது மாதிரி. முகத்தில் பச்சை அடிப்பார், கழுத்தில் நீலம் அடிப்பார்... ஆனால் தள்ளி நின்று பார்த்தால் படத்தில் இருக்கும் ஆள் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். யாரும் வாங்கவில்லை. நிசார் மட்டும் அந்தப் படங்களைச் செருப்புகளுக்கு நடுவில் கண்ணாடிக்குள் வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அந்த ராமமூர்த்திதான் அன்று அந்தச் சாலையில் சைக்கிளில் போனார். மைல்கல்லில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆவாரம்பட்டைக் கட்டு. தோல் பதனிடும் மண்டிக்குக் கொண்டுபோகிறவள் என்று நினைத்தார். படம் எழுதட்டுமா என்று கேட்டார்.

அவள் சொன்னாள்.

"எழுதிக்கோ சாமி. காலு மட்டும் போட்டுடாத."

"ஏம்மா?"

"காலு இருந்தா வூட்டுக்குப் போய்டுவேன். அங்க எம் பொண்ணு இருக்குது."

வெயில் மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். முழங்காலோடு நிறுத்தினார். எழுதி முடிக்கும்வரை அவள் ஒருதரம்கூடக் கண் இமைக்கவில்லை... அது அவருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

படம் கண்ணாடிக்குள் ஏறியது. கூட்டம் சேர்ந்தது. சிரிப்பும் சேர்ந்தது.

"இன்னா ராமமூர்த்தி, செருப்புக் கடையில கால் இல்லாத பொம்பளயா? ரெண்டு காலப் போட்டு நம்ம செகப்புச் செருப்ப மாட்டிவுடு," என்றார் நிசார்.

"அந்தம்மா வேணாம்னு சொன்னாங்க பாய்."

"அவங்க இங்க வந்து பாக்கப் போறாங்களா?"

பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, ராமமூர்த்தி கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்து கால்களை எழுதினார். இரண்டாவது கால் முடிந்ததும் ஒரு நாற்றம். தொட்டியில் ஊறின பட்டை நாற்றம். பிறகு அவருக்குப் பின்னால், பலகைத் தரையில்... சரக்... சரக்... காலடிச் சத்தம் வாசல் பக்கமாகப் போனது. வெளியே நின்ற கூட்டம் இரண்டாக விலகி வழி விட்டது. ஏன் விலகினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாளே அவர் ரயிலேறி ஆம்பூர் போனார். மைல்கல் பக்கம் யாரும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சௌந்தரம் என்ற பெண்ணிடம் அடையாளம் சொல்லி விசாரித்தார்.

"செல்லம்மாளா? அது செத்து ரெண்டு வருசமாவுது. இங்கதான் பட்ட வண்டி கவுந்து ரெண்டு காலும் நசுங்கிடுச்சு. பொழுது சாயற வரிக்கும் கெடந்துச்சு. ஒருத்தரும் வர்ல."

வீடு பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. வாசலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. தலையில் எண்ணெய் வழிய வழிய, இறுக்கமாகப் பின்னிய சடை.

"யாரும்மா பின்னி வுட்டது?"

"அம்மா."

உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து பட்டை நாற்றம் வந்தது. செல்லம்மாளின் புருஷன் சம்பத் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். ராமமூர்த்தி அவனைத் தெருவுக்கு இழுத்து வந்து, கடை, படம், எல்லாவற்றையும் சொன்னார். கடைசி ரயிலைப் பிடித்து வேலூர் திரும்பினார். நிசாரை எழுப்பிக் கடையைத் திறந்து, கத்தியால் அந்தக் கால்களைச் சுரண்டினார். படத் துணி கிழிந்து நூல் நூலாகத் தொங்கும்வரை சுரண்டினார். கால் இல்லாவிட்டால் அவள் பழையபடி மைல்கல்லுக்கே போய்விடுவாள்... அப்படித்தான் நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து சம்பத் கடைக்கு வந்தான். கண்கள் குழி விழுந்திருந்தன.

"மூலையில உக்காந்துக்கினு கீறா சாமி. எழுந்திரிக்க மாட்டேங்கிறா. புள்ள அவ மடிய வுட்டு வரமாட்டேங்குது, சோறும் துண்ணல. போய்டு தாயின்னு அழுதேன்."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?" நிசார் கேட்டார்.

"எப்பிடிப் போறதுன்னு கேக்குறா."

ராமமூர்த்தி வர்ணம் குழைத்தார். எங்கே எழுதுவது? கிழிந்த துணியில் வைத்த வர்ணமெல்லாம் நூல் இடுக்கு வழியாகத் தரையில் சொட்டியது. பின்னால் வேறு துணி ஒட்டிப் பார்த்தார். அதிலும் வர்ணம் நிற்கவில்லை. சம்பத் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் விடியலில் சம்பத் வீட்டில் அந்த மூலை காலியாக இருந்தது. நாற்றமும் இல்லை. குழந்தை பாயில் தனியாகப் படுத்திருந்தது. சம்பத் ஓடிப்போய் வாரி எடுத்து முத்தம் கொடுத்து, கீழே நிற்க வைத்தான்.

ஈரத் துணி மாதிரி மடிந்து விழுந்தது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா எலும்பைத் தடவிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். காலில் ஒரு குறையும் இல்லை என்றார். நிசாரும் ராமமூர்த்தியும் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். ஏன் கண்ணு நடக்க மாட்டேங்குற என்று டாக்டரம்மா கேட்டார்.

குழந்தை அழவில்லை. சாதாரணமாகச் சொன்னது.

"அம்மா எரவல் வாங்கிக்கினு போச்சு. திருப்பிக் கொண்டாந்து தரேன்னு சொல்லுச்சு."