மூன்றாவது படம்

தேத்தண்ணிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் கூடிப்போனது, பரவாயில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும், என்றாலும் தமிழில் சொல்கிறேன். தம்பி சுந்தரமூர்த்தி உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அவசரப்பட்டுச் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரியும்.

பெயர் பெனடிக்ற். ஊர் மன்னார். தொண்ணூற்றொன்றில் இந்த நாட்டுக்குத் தனியாளாக வந்து, மாசி என்கிற புறநகரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தேன், வேலை பேக்கரியில். மனைவி ராசமணியும் மகள் ஜனுஷாவும் மடுவில் அகதி முகாமில் கிடந்தார்கள். அவர்களுடைய விசாவுக்காக மூன்று வருடம் நாயாய் அலைந்தேன். தொண்ணூற்று நாலு ஜூலையில், எல்லாம் சரி, இனி ஒரு கையெழுத்துத்தான் என்று கடிதம் வந்தது. அந்தக் கிழமைதான் இது நடந்தது.

சனிக்கிழமை காலை. வேலை முடிந்து காரில் வருகிறேன், வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. ஒரு கிழவர் வீதியைக் கடந்தார். சத்தம் அப்படிப் பெரிதாக இருக்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். மூச்சு இருந்தது. என் கையைப் பிடித்தார். நான் கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன்.

வீதியில் ஒரு குருவி இல்லை. காரை ஓடைக்கரையில், செருகிய திறப்பைக் கழற்றாமலே விட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்து போய் முகம் கழுவி, என் காரைக் காணவில்லை என்று உங்களுக்குப் போன் எடுத்தேன். அம்புலன்சுக்கு எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் நீ யார், அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். பொலிஸ் கேஸ் உள்ளவனுடைய குடும்பத்துக்கு யார் விசா கொடுப்பார்? கிழவர் மத்தியானம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கவலையாகத்தான் இருந்தது.

பின்னேரம் ஓர் இளம் கொன்ஸ்டபிள் வந்தார். நல்ல பண்பான பிள்ளை. கார்ப் பக்கம் யாரையாவது கண்டீர்களா என்று கேட்டார். உயரமான மாவோரி ஆள் ஒருவரைக் கண்டமாதிரி இருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வீதியில் மூன்று வருடம் இருந்தவன் நான். பூர்வீகத்தில் இந்த மண் மாவோரிகளுடையதுதான்; ஆனால் பொலிஸ் யாரை மறித்துப் பையைக் கொட்டிப் பார்க்கும், யாருக்குக் கைகாட்டிவிட்டுப் போகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பொலிஸ் ஸ்டேஷனில், மேசையில் எட்டு ஆட்களின் படங்களைப் பரப்பினார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆமி சுற்றிவளைத்தால் ஆம்பிளைகளை வரிசையாக நடக்கவிடுவான். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடி ஒருவன் இருப்பான். தலையாட்டி என்று சொல்வோம். வாய் திறக்கமாட்டான். அவன் யாரைக் கண்டு தலையை ஆட்டுகிறானோ, அவன் கதை முடிந்தது. என் தம்பி றொய்ஸ்டன் எண்பத்தைந்தில் அப்படித்தான் போனான். தலையாட்டிகளை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

கொன்ஸ்டபிள் என்னை நெருக்கவில்லை. ஆறுதலாகப் பாருங்கள் என்றுதான் சொன்னார். மூன்றாவது படத்தில் என் கண் நின்றது. தலையாட்டினேன்.

அது ஹேமி. என் பக்கத்து வீட்டுக்காரன், இருபத்தாறு வயது மெக்கானிக். பதினேழு வயதில் செய்த ஏதோ சின்னப் பிழைக்காக அவனுடைய படம் உங்களிடம் இருந்திருக்கிறது. அதற்கு முதல் ஞாயிறுதான் என் காரைத் திருத்தித் தந்தான். கூலி வேண்டாம் என்றான், பேக்கரியிலிருந்து ஒரு பை பணிஸ் கொடுத்தேன். காரெல்லாம் அவனுடைய கைரேகை இருக்கும் என்று தலையாட்டும்போது நினைவு வந்ததா என்று கேட்டால், வந்தது. காரைத் திருத்தினதால்தான் கைரேகை என்று அவன் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னானாம். நீங்கள் வந்து விசாரித்தபோது, நான் அவனோடு கதைக்கிறதே இல்லை என்றேன்.

ரிமாண்டில் நாற்பதாம் நாள் தூக்குப் போட்டுக்கொண்டான். அதே கிழமை ராசமணியும் ஜனுஷாவும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். பிள்ளை என்னை அடையாளம் தெரியாமல் தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள்.

பிறகு ஹேமியின் அக்கா மெரே வந்தார். மாவோரிகளுக்குப் பொலிஸாலும் கோர்ட்டாலும் நடக்கிற அநியாயங்களைக் கேட்டு எழுதி, நியாயம் கேட்கிற அமைப்பில் இருக்கிறவர். ராசமணி தேத்தண்ணி கொடுத்தாள். சண்டை பிடிப்பார் என்றிருந்தேன். அவர் சொன்னார், "உங்களில் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் விசாவுக்குப் பயந்த அகதி. இவன்தானே என்று பொலிஸ் உங்களை வெருட்டிக் கேட்டிருக்கும். அப்படித்தானே?"

நான் குனிந்துகொண்டு தலையாட்டினேன். அவர் அழுதுகொண்டு என் நெற்றியில் நெற்றியும் மூக்கில் மூக்கும் வைத்தார். அவர்களில் ஒருவரைச் சொந்தமாக ஏற்கிற முறை அது. ராசமணி குசினி வாசலில் நின்று பார்த்தாள். "என்னப்பா, அந்தப் பொடியனை உண்மையாவே கண்டனீங்களோ?" என்று பிறகு கேட்டாள். "ஓம், விடு" என்றேன்.

மெரேயின் ஆட்கள் சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில் கூட்டம் வைத்து என்னை மேடையேற்றினார்கள். பொலிஸ் வெருட்டிய கதையைச் சொன்னேன்; சனம் எழுந்து நின்றது. அந்தக் கொன்ஸ்டபிளுக்கு வேலை போனது. படம் காட்டுகிற முறையைச் சில இடங்களில் திருத்தினார்கள். இனி எத்தனை ஹேமிகள் தப்புவார்கள் என்று நினைக்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மெரே சேர்த்துவைத்த மற்ற முப்பது பேருடைய கதைகளும் உண்மை. என்னுடையது ஒன்றுதான் பொய். முப்பது உண்மைக்குள் ஒரு பொய் கிடந்தால் என்ன?

போன கிழமை ஹேமியின் பழைய கமராவுக்குள் கழுவாத ஒரு பிலிம் சுருள் அகப்பட்டதாம். அதில், கமராவைத் தானாகச் சொடுக்கவிட்டு எடுத்த ஒரு படம். என் காரின் பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குள் கைவிட்டபடி ஹேமி, பக்கத்தில் பணிஸ் பையோடு சிரித்தபடி நான். அதை உங்களிடம் கொண்டுவந்து தந்தது மெரேதான் என்கிறீர்கள். தன்னுடைய இத்தனை வருட வேலை சரிந்துவிடும் என்று தெரிந்தும் கொண்டுவந்திருக்கிறார். அருமையான மனுசி.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கிழவரை அடித்தது நான். பொய் சொன்னது நான். ஹேமியை நான் கொல்லவில்லை. அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பொலிஸ்மேல் பழி போடச் சொல்லி மெரே எனக்குச் சொல்லித் தந்தாரா என்கிறீர்கள். அப்படியென்றால் என் கேஸைக் கொஞ்சம் இளக்கமாகப் பார்க்கலாம் என்கிறீர்கள். ஜனுஷாவுக்கு வருகிற மாதம் பிரஜாவுரிமை. நான் ஒரு தகப்பன்.

மெரேயைப் பற்றி என் வாயால் ஒரு சொல்லும் பிழையாக வராது. நான் யாரையும் காட்டிக்கொடுத்துப் பழகினவன் இல்லை. தம்பி சுந்தரமூர்த்தி, மேசையில் ஓடுகிற ரேப் ரெக்கோடரில் இது கேட்காது, நீர்தான் வாயால் சொல்ல வேண்டும். நான் தலையாட்டினேன் என்று சொல்லும்.