முழுதாக விழுந்த முத்திரை

என் கையெழுத்து அழகாக இருக்கும் அம்மா. ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியபோது டீச்சர் அதற்காக மட்டும்தான் வருத்தப்பட்டார். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்றும் அப்படித்தான். "கிடங்குக்கு மாற்றல் கெடச்சும் எம்புள்ள ஏன் வேண்டாம்னான்? ஒனக்காவது தெரியுமா கண்ணு?" என்று நீங்கள் கேட்டதும் உள்ளே வந்துவிட்டேன். மன்னிக்கவும். கடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாமா உங்களோடு பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. நீங்கள் கிளம்புவதற்குள் முடித்துவிடுவேன்.

மாமா பழைய தபால்தலை விற்கிறவர். அவற்றை உறையோடு தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து உலர்த்துவது என் வேலை. இந்த உள்நாட்டுச் சண்டை தொடங்கியதிலிருந்து சேகரிப்பவர்கள் ராணுவத் தபாலைத்தான் தேடி வருகிறார்கள். நானும் எனக்கென்று ஓர் ஆல்பம் வைத்திருக்கிறேன். தணிக்கை முத்திரை, ஆஸ்பத்திரி முத்திரை எல்லாம் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் காலி. 'பெறுநர் போரில் மாண்டார்' என்று ஊதா முக்கோணம் குத்தி, அனுப்பியவருக்கே திரும்பி வரும் உறைக்கான பக்கம் அது.

"அது நம்ம கைக்கு வராது பாப்பா," என்றார் மாமா. "எந்த வீட்டுல தூக்கிக் குடுப்பாங்க? குடுத்தாத்தான் நீ போயி வாங்கிருவியா? பேப்பர்காரன் வந்தாலே கதவுக்குப் பின்னாடி ஒளியுற ஆளு."

யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்று பிறகு தோன்றியது. நான் அனுப்பினால் எனக்கே திரும்பி வரும்.

கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று செய்தித்தாளில் பெயர் கொடுத்திருந்த படைவீரர்களில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சண்டை நடக்கும் இடத்தில் இருந்தவர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. நடப்பது எப்படியும் நடக்கும்; அப்போது என் கடிதம் ஒன்று வழியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொருவருக்கும் மூன்று நாளைக்கு ஒன்று போட்டேன். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒருவர் கால் போய் வீடு திரும்பினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் மகன் மட்டும் நிறுத்தவில்லை. எனக்குப் பேச வராது என்று எழுதியதிலிருந்து என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிட்டார். 'எங்க சார்ஜென்ட் விடுற குறட்டைக்குப் பயந்தே எதிரி கிட்ட வர மாட்டேங்கறான் வாயாடி' என்று ஒரு முறை எழுதினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாமா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

பிறகு இந்தக் கடிதம் வந்தது: 'அம்மா மனு போட்டு மாற்றல் வாங்கியிருக்காங்க. பின்னால கிடங்குல மூட்டை எண்ணுற வேலை. நான் கையெழுத்துப் போட்டாப் போதும். பசங்க கேலி பண்ணுவானுங்க, அதான் யோசனை. நீ போன்னா போறேன்.'

நோட்டில் ஆறு முறை எழுதிப் பார்த்தேன். 'போங்கள்' என்று எழுதிய தாளும் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து அடித்தலாகிவிட்டது. அனுப்பியது ஒரே வரி: 'மூட்டை எண்ணுகிறவருக்கு எழுத என்னிடம் எதுவும் இருக்காது.'

அதற்குப் பிறகும் மூன்று நாளைக்கு ஒன்று போட்டேன். பத்தொன்பதாம் நாள் ஓர் உறை திரும்பி வந்தது. தபால்காரர் அதை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "அழுதுரும்மா. மனசுல போட்டு அடைச்சு வெக்காத." நான் குனிந்துகொண்டேன். முக்கோணம் முழுதாக விழுந்திருந்தது. மூன்று முனைகளும் தெளிவாக இருந்தன.

இன்று நீங்கள் அவர் பெட்டியில் இருந்த என் கடிதங்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தீர்கள். "நான் படிக்கல கண்ணு. அது ஒங்க ரெண்டு பேரு சமாச்சாரம்," என்று சொல்லி என் தலையைத் தடவினீர்கள். உங்களுக்கு மருமகளாக வர வேண்டியவள் என்றீர்கள். அது பொய்யில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அவரைப் போகவிடாமல் தடுத்தது நான்தான். முத்திரைக்காகத் தடுத்தேன்.

"பாப்பா, அம்மாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சாம்," என்று மாமா கூப்பிடுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று. முகம் துடைக்க நீங்கள் பையிலிருந்து துணியை எடுத்தபோது ஓர் உறையின் மூலை தெரிந்தது. ஊதா நிறம். உங்கள் கடிதமும் திரும்பி வந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கோபத்தில் அதைக் கிழித்துவிடாதீர்கள் அம்மா. என் உறைக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. என்னைவிடப் பத்திரமாக அவரை யார் வைத்துக்கொள்வார்கள்?