நினைவகம் அழியுமுன்

கடலில் எனக்குக் குமட்டலே வருவதில்லை. கடலே இல்லாத நாசரேத் ஊர்க்காரிக்கு இது அதிசயம் என்று படகில் சொல்லிச் சிரித்தார்கள். அன்றும் இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டு உற்சாகமாகத்தான் போனேன், சார்.

என் பெயர் ஈவாஞ்சலின். மில்லர்புரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் இயங்குதளம் எழுதுகிறேன். கடலடியில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களுக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் மோட்டாரை எங்கள் கணினிப் பெட்டிதான் ஓட்டுகிறது. அது திடீர் திடீரென்று உறைந்துபோகும், மோட்டாரும் நின்றுவிடும். படகுக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி சுவிட்சைத் தட்டுவார், காற்று வந்துவிடும். ஆனால் தட்டிய கணமே நினைவகம் அழிந்து, பிழையின் தடயமும் போய்விடும். ஆபீசில் வைத்துப் பார்த்தால் பெட்டி சமர்த்தாக ஓடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அன்று சுவிட்சுக்குப் பக்கத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன். சங்கு குளிக்கும் பையன் ஸ்டெபின் என்னிடம் ஒரு மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, காற்றுக் குழாயோடு கடலில் குதித்தான். அவன் அடியில் இருக்கும்போதே பெட்டியின் நினைவகத்தை நிரப்பினேன். நிஜமான வேலை நடந்தால்தான் அந்தப் பிழை வெளியே வரும்.

வந்தது. கோப்புகளைக் காக்கும் பகுதி, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவக இடத்திலேயே மறுபடி எழுதியிருந்தது. வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்தவன், மறுநாளும் வந்து அதே கட்டிலில் படுப்பதுபோல. எனக்குப் பாடவேண்டும்போல் இருந்தது. மடிக்கணினிக்கு எல்லாவற்றையும் நகலெடுக்கத் தொடங்கினேன்.

மோட்டார் நின்றிருந்தது. காசிலிங்கம் அண்ணாச்சி ஸ்டெபின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். அது பாறையில் சிக்கியிருந்தது.

"சுவிட்சத் தட்டு தாயி, பய கீழ கெடக்கான்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. இப்பம் தட்டுனா எல்லாம் போயிரும்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் சுவிட்சின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அவர் வயதானவர். நகல் முழுதாக முடிந்த பிறகு நானே தட்டினேன். மோட்டார் ஓடியது. ஸ்டெபின்தான் மேலே வரவில்லை.

அன்று சாயங்காலமே திருத்திவிட்டேன். ஒரே ஒரு வரி. இன்றுவரை எந்தப் படகிலும் பெட்டி உறையவில்லை, விசாரித்துப் பாருங்கள். இந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் ஸ்டெபின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். பாவம், அவருக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது.