கெட்டியான பிரேக்

பைக்கில் கை லீவர் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள் சார். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். வண்டி வாங்கப் போனால் நின்ற இடத்திலேயே லீவரை அமுக்கிப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

என் மாப்பிள்ளையும் அந்த ரகம்தான். மற்றபடி தங்கமான மனிதர். குடி கிடையாது, என் மகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அவளையும் அழைத்துப் போகிறேன் என்றார். அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். மனைவி போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்தி. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "தெனமும் ஃபோன்ல பேசிக்கலாம்ப்பா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பைக்கை என் மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுவந்தது அவர்தான்.

"லீவர் கொழகொழன்னு இருக்கு மாமா, கொஞ்சம் பாருங்க."

பிரேக் ஆயில் குழாயில் காற்று ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டாலே போதும். நான், லீவரை அமுக்கினால் ஆயிலைத் தள்ளிவிடுகிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினேன். முன் சக்கரத்தில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டு உள்ள பெரிய வண்டியின் சிலிண்டர் ஒன்று என்னிடம் கிடந்தது. அவர் வண்டிக்கு ஒரே காலிப்பர், அதுவும் சின்னது. சிலிண்டர் பெருத்துப்போனால் லீவர் அசையாது. ஆனால் காலிப்பருக்குப் போகிற அழுத்தம் பாதியாகிவிடும். மெதுவாக ஓட்டினால் தெரியாது. அவர் வேலைக்குப் போகிற வழியில் நீளமான இறக்கம் ஒன்று உண்டு.

அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு மாமா. உங்க கைபட்டா தனிதான்."

"பாத்துப் போங்க மாப்ள" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கால் ஒடிந்தால் போதும் என்பது என் கணக்கு. சில மாதம் படுக்கை, அந்த வெளிநாட்டு வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், அவளும் இங்கேயே இருப்பாள். இறக்கத்தின் அடியில் லாரி நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல்கள் லீவரை இறுக்கிப் பிடித்தபடியே இருந்ததாகச் சொன்னார்கள். என்னை நம்பித்தான் பிடித்திருப்பார்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தது என் மகள்தான் என்கிறீர்கள். பட்டறையில் வளர்ந்தவள், நொறுங்கிய வண்டியில் அந்தச் சிலிண்டரைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். கோபம் இருக்கத்தானே செய்யும். ஆனால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யார் சார் இருக்கிறார்கள்?