நான்கு துளைச் சக்கரம்

காரில் சக்கரம் மாட்டும் ஹப்பை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டெப்னியை மறந்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் இது சகஜம். நான்கு போல்ட் ஹப்பைக் கழற்றிவிட்டு ஐந்து போல்ட் ஹப் போடுவார்கள், பெரிய பிரேக் டிஸ்க் போடுவார்கள், அதற்கேற்ற சக்கரங்களையும் மாட்டுவார்கள். டிக்கியில் கிடக்கும் பழைய ஸ்டெப்னியில் நான்கே துளைகள் என்பது வழியில் டயர் இறங்கினால்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் நீங்களும் என்னிடம் அவ்வளவு பரிவாகப் பேசினீர்கள், மிஸ்டர் ஹோல்கம். "மறதிதானேம்மா. யாருக்கும் வரும். உன்னையே திட்டிக்காத" என்றீர்கள். ஷெரிஃப் அலுவலகத்துக் காபியை நீங்களே ஊற்றிக் கொடுத்தீர்கள்.

நான் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தேன். அண்ணன் காரின் ஸ்டெப்னியைப் பார்க்கத் தவறியவள் என்று நீங்கள் எழுதிவிட்டால், மாலை மெக்கானிக் வகுப்பில் என் கூடப் படிப்பவர்கள் அதைத்தான் நம்புவார்கள். செய்த வேலையைப் பற்றி எனக்கு ஓயாமல் சந்தேகம் வரும். இறுக்கிய நட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பேன். ஆனால் மறக்கிறவள் இல்லை.

எங்கள் அப்பாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பக்கவாதம் வந்த பிறகும் அவர் உடம்பு இளைக்கவில்லை. அண்ணன் டரெல் தோளைப் பிடிப்பான், நான் காலைப் பிடிப்பேன். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை, மறுபடி கட்டில். ஒருமுறை நான் தனியாக முயன்றபோது இருவரும் குளியலறைத் தரையில் விழுந்தோம். டரெல் வரும்வரை அப்படியே கிடந்தோம். அப்பா அழுதார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனிக்காலத்தில் டரெல், கார் வேலை முடிந்ததும் ரீனோ நகரத்துக்குப் போய்விடுவதாகச் சொன்னான். அங்கே ஒரு பந்தயக் கார் பட்டறையில் அவனுக்கு இடம் இருந்தது. அவன் கார் எழுபதுகளில் வந்த ஜெர்மன் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதை ஐந்து போல்ட்டுக்கு மாற்றும் வேலையை இருவரும் சேர்ந்துதான் செய்தோம்.

நான் மெதுவாகச் செய்தேன். புது டிஸ்க் கோணாமல் சுற்றுகிறதா என்று அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. கழற்றி ஹப் முகத்தைத் துடைத்து மறுபடி மாட்டி அளந்தேன். பேரிங்கில் கிரீஸ் போதாதோ என்று தோன்ற, அதையும் பிரித்தேன்.

"நீ அளந்து முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்டி" என்றான் டரெல்.

"பிரேக் பிடிக்கலைன்னா பேரன் எங்கேர்ந்து வருவான்?"

"அடேங்கப்பா. வாய் மட்டும் நல்லா வேகமா ஓடுது. கையும் அப்படி ஓடினா தேவலை."

ஜூலைக்குள் வேலை முடிந்துவிட்டது. அதற்கு மேல் பிரிக்க எதுவும் மிச்சமில்லை. அன்று சாப்பிடும்போது கேட்டேன்: "அப்பாவை நான் எப்படித் தூக்குவேன்?"

"ஆள் வெச்சுக்கலாம் கெண்ட்ரா. நான் மாசாமாசம் வரேன்" என்றான். சொல்லும்போது அவன் கண் சாப்பாட்டில் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. நான் இல்லாத ஒரு வாழ்க்கையை நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

புது டிஸ்க்கும் பிரேக் பேடும் போட்டால் ஆளில்லாத சாலையில் வேகமாகப் போய் அழுத்திப் பிடித்து, மறுபடி வேகமெடுத்துப் பிடித்து, ஒன்றோடொன்று படியவைக்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் பழைய ஜிப்சம் சாலைக்குத்தான் போவார்கள். கோடையில் அங்கே யாரும் வருவதில்லை, போனும் எடுக்காது. ரீனோ போகிற வழியிலேயே அதை முடித்துக்கொள்வதாக டரெல் சொன்னான். நல்ல யோசனை என்றேன்.

புறப்படும் முன் பின்பக்கச் சக்கரம் ஒன்றின் வால்வைச் சற்றுத் தளர்த்தினேன். எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு நேரத்தில் காற்று இறங்கும் என்பதை முன்னதாக என் பிக்கப் டயரில் சோதித்திருந்தேன். ஸ்டெப்னிக்கென்று வாங்கியிருந்த ஐந்தாவது புதுச் சக்கரத்தை என் பிக்கப்பின் முன் இருக்கையில் வைத்தேன்.

"ஸ்டெப்னி வெச்சியா?" என்று கேட்டான்.

"வெச்சாச்சு" என்றேன். அந்தக் காரின் முன்பக்க டிக்கியில் விரிப்புக்கு அடியில் ஸ்டெப்னி இருந்தது. பழையது.

வழியில் சாப்பிடப் பரிட்டோ இரண்டு சுற்றிக் கொடுத்தேன். தண்ணீர் இரண்டு பாட்டில் அவனே எடுத்துக்கொண்டான். அப்பா நெற்றியில் முத்தமிட்டான். பக்கத்து வீட்டு லூப்பேயை அப்பாவோடு உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு நானும் கிளம்பினேன்.

என் எண்ணத்தில் தீங்கு இல்லை. அவன் வழியில் நிற்பான். ஸ்டெப்னியை எடுத்துப் பார்ப்பான், மாட்ட முடியாது. வெயிலில் கொஞ்சம் தவிப்பான். அப்போது நான் வருவேன். நான் இல்லாமல் முடியாது என்பது அவனுக்குத் தெரியவரும். அவ்வளவுதான் நான் வேண்டியது.

மேட்டில் நிறுத்திப் பார்த்தேன். கார் கீழே நின்றிருந்தது. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பழைய சக்கரத்தை ஹப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, சிரித்தான் என்று நினைக்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்தான். கருவேலப் புதரின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், நிழலை விட்டு நகரக் கூடாது. அன்று நூற்றுப் பதினெட்டு டிகிரி.

காற்று இறங்கிய சக்கரத்தின் ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். புதுச் சக்கரத்தையும் டிஸ்க்கையும் அவன் நாசமாக்க மாட்டான். மாலையில் எல்லைக் காவல் வண்டி அந்தப் பக்கம் வரும், அதுவும் அவனுக்குத் தெரியும்.

இறங்கிப் போக இன்ஜினைப் போட்டேன். அப்போதுதான் பக்கத்து இருக்கையில் இருந்த சக்கரத்தைப் பார்த்தேன். ஐந்து துளை. வெச்சாச்சு என்று நான் சொன்ன சக்கரம் என்னிடம் இருப்பதைப் பார்த்த கணமே அவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். எங்காவது வீசிவிட்டுப் போயிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. சக்கரத்தோடு போனால் என்னை வெறுப்பான், சக்கரம் இல்லாமல் போனால் எதற்காக வந்தாய் என்று கேட்பான் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் அவன் என் வண்டியைப் பார்த்துவிட்டான். கையை உயர்த்தினான். காத்திருந்தான். நான் வராததால் மண்ணில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருப்பான், பாட்டிலை எடுத்துக்கொண்டு நிழலை விட்டு என்னை நோக்கி நடந்தான்.

பாதி தூரம் வந்தபோது வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தேன். என்ன சொல்வதென்று யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அவன் நின்றான். என் பெயரைக் கத்தினான். மறுபடி நடந்தான். நான் மறுபடி பின்னால் எடுத்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. பாட்டிலைக் கீழே போட்டபோது காலியாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் முழங்காலிட்டான். பிறகு படுத்துக்கொண்டான். அவன் அசையாமல் போகும்வரை அங்கேயே இருந்தேன். வீட்டுக்குப் போனபோது அப்பாவைக் கட்டிலில் போட வேண்டியிருந்தது. லூப்பே கால் பிடித்தாள்.

நான் அங்கே போகாமல் இருந்திருந்தால் அவன் நிழலிலேயே இருந்திருப்பான், மாலையில் எல்லைக் காவலர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் காலடித் தடங்களை நீங்களே பார்த்தீர்கள், மிஸ்டர் ஹோல்கம். ரீனோ பக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் என்னிடம் திரும்பி வந்தவை.